வேலாயுதத்திடம் அண்ணன் கொடுத்த பிராது

1

டப்ளின் விமான நிலையத்தில் என் மீசையைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

கைப்பையைத் திறந்த அதிகாரி முதலில் தலைப்பாகையை எடுத்து மேசைமேல் வைத்தார். பிறகு ஜரிகை அங்கி. பிறகு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பஞ்சு வைத்து நான் பத்திரப்படுத்தியிருந்த மீசை. கையுறை போட்ட இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்து, இது எந்தப் பிராணியின் ரோமம் என்று கேட்டார். பிராணிகளின் தோலையும் ரோமத்தையும் கொண்டுபோவதற்குத் தனிச் சட்டம் இருக்கிறதாம். சவுரிமுடிதான் என்று சொல்ல எனக்கு அவர்கள் பாஷையில் வார்த்தை வரவில்லை. மீசை என்றேன். யாருடையது என்றார். என்னுடையது என்றேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற என் மகள் நிலா, எனக்கும் இந்த அம்மாளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பதுபோல நைசாக நகர்ந்து, கண்ணாடி வழியே விமானங்களை வேடிக்கை பார்க்கப் போய்விட்டாள். அவளுக்குப் பதினைந்து வயது. அந்த வயதில் அம்மாவுக்கு மீசை இருப்பது பெரிய கஷ்டம்தான்.

மேலதிகாரி வந்தார், அவருக்கும் மேலே ஒருவர் வந்தார். கடைசியில் மீசையை விட்டுவிட்டு, அதை ஒட்டுகிற பசையைப் பிடுங்கிக்கொண்டார்கள். போகட்டும், மன்னார்குடியில் பசைக்கா பஞ்சம் என்று கிளம்பினேன். ஆனால் விமானத்தில் உட்கார்ந்த பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. என் கூடப்பிறந்த அண்ணன் என்னோடு பேசி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கோபத்துக்கு இந்த வேஷம்தான் காரணம். இப்போது அதே வேஷத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அவன் வீட்டில் தங்கி, அவன் ஊர்க் கோயில் மேடையில் கட்டப் போகிறேன். இதைவிடக் கூறுகெட்ட காரியம் வேறு இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

2

பகடி வேலாயுதத்தை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்தினால் அடிக்க வருவார்கள். மற்ற ஜில்லாக்காரர்களுக்காகச் சொல்கிறேன். மராட்டிய ராஜாக்கள் காலத்தில் தஞ்சாவூர் அரண்மனையில் ராஜாவைச் சிரிக்க வைப்பதற்கென்றே இருந்தவன் வேலாயுதம். ஒருநாள் ராஜாவுக்கு வயிற்றுவலி வந்ததால், அவருக்குப் பதிலாகச் சிம்மாசனத்துப் படியில் உட்கார்ந்து ஜனங்களின் பிராதுகளை அவன் விசாரித்தானாம். தீர்ப்புகளைக் கேட்டு ஊரே சிரித்ததில், அதற்கப்புறம் ராஜாவுக்கு அடிக்கடி வயிற்றுவலி வர ஆரம்பித்ததாம்.

எங்கள் ஊர்த் திருவிழாக்களில் ஒரே ஆள் வேலாயுதமாக வேஷம் கட்டி மேடையேறுவார். துணைக்கு யாரும் கிடையாது. ராஜாவும் அவர்தான், ராணியும் அவர்தான், ராணி வளர்க்கிற கிளியும் அவர்தான். கதையெல்லாம் முடிந்த பிறகு வருவதுதான் பிராது. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து, யார்மேல் வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். வேலாயுதம் அங்கேயே தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிராது கொடுத்தவர் சிரித்துவிட்டால் வழக்கு முடிந்தது. அதற்கப்புறம் அந்த விஷயத்தை வெளியே எடுக்கக் கூடாது. அவர் சிரிக்காதவரை அடுத்த பிராதுக்குப் போக முடியாது. பங்காளிச் சண்டை, வரப்புத் தகராறெல்லாம் அப்படி முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் வேஷம் கட்டியது அயர்லாந்துக்குப் போன பிறகுதான். தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவில் ஒரு நிகழ்ச்சி குறைந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் சொன்னேன். பொம்பளை வேலாயுதமா என்று சிலர் இழுத்தார்கள். "ஆம்பள ராணி வேஷம் கட்டினா கை தட்டுவீங்க, நான் மீசை வச்சா மட்டும் இடிக்குதா?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் அங்கே பிராது கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. நம் ஜனங்கள் அந்த ஊர்க்காரர்களின் நாகரிகத்தைப் பழகிவிட்டார்கள். அயர்லாந்துக்காரர்கள் உயிர் போகிற வலியிலும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "கிராண்ட்" என்பார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், எலும்பு முறிந்து படுத்திருந்த ஒரு பெரியவர் கிராண்ட் என்றதும், ஆகா, ஜோராக இருக்கிறார் என்று வலி மாத்திரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனவள் நான். தலைமை நர்ஸ் கூப்பிட்டு வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். இப்போது என் வீட்டிலேயே அந்த வார்த்தை குடியேறிவிட்டது. ஸ்கூல் எப்படிம்மா, கிராண்ட். சாப்பாடு எப்படிம்மா, கிராண்ட். முகத்தைப் பார்த்தால் அழுதுவிட்டு வந்தது தெரியும். எங்கள் தெருவில் காலில் முள் குத்தினாலே ஊருக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளை மனசில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிவதில்லை.

ஆக, பிராதையும் நானே கொடுத்து, தீர்ப்பையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. அதற்காக வேலாயுதத்துக்கு ஓர் அண்ணனை உண்டாக்கினேன். அங்கேதான் வினை பிடித்தது.

3

என் அண்ணன் ரெத்தினம், எங்கள் வம்சத்தில் முதன்முதலாக நிலம் வாங்கியவன். அப்பா பெரிய பண்ணையில் பண்ணையாளாக இருந்தவர். பண்ணை வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுச் சென்னை, பெங்களூர் என்று போய், நிலத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். அதில் ஒரு துண்டு அண்ணன் கைக்கு வந்தது. நான் நர்சிங் முடித்து வீட்டில் இருந்த வருஷம் அது.

முதல் குறுவை நடவன்று அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கூத்தாநல்லூரில் வாங்கிய புது பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்தபடி வயலுக்கு வந்தான். வரப்பில் அதைப் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். வரப்போ, அப்போதுதான் புது மண் வைத்து அணைத்தது. நாற்காலியின் பின்னங்கால்கள் முதலில் இறங்கின. அண்ணன் அதைக் கவனிக்காதவன் மாதிரி நடவுப் பெண்களைப் பார்த்து, "நெருக்கி நடுங்க" என்றான். பிறகு நாற்காலி சரிந்து, அவனோடு சேர்ந்தே வயலுக்குள் வழுக்கியது. குதித்து இறங்கியிருக்கலாம், இறங்கவில்லை. தண்ணீர் வேட்டியைத் தொட்டது. "குத்துக்கு ரெண்டு நாத்து போதும்" என்றான். இடுப்பு வரை சேறு வந்தது. மேலே போட்ட காலை அவன் எடுக்கவே இல்லை.

நடவு நட்ட பெண்கள் நாற்று முடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும் அப்பாவும் எதிர் வரப்பில் நின்றோம். எனக்குக் குளிர்காலத்தில் ஊர் நினைப்பு வந்து வாட்டும்போதெல்லாம் முதலில் வருவது இந்தக் காட்சிதான். அத்தனை சந்தோஷமான நாள் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இதைத்தான் வேலாயுதத்தின் அண்ணன் கதையாக மேடையில் நடித்தேன். நாற்காலியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குப் போவேன், உத்தரவு மட்டும் போட்டுக்கொண்டே இருப்பேன். அரங்கம் சிரித்து உருண்டது. பண்ணை, பண்ணையாள், அந்த வரப்பில் யார் உட்காருவார்கள், யார் நிற்பார்கள் என்பதையெல்லாம் நான் சொல்லவில்லை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அதைச் சொன்னால் புரியாது, புரிய வைக்க உட்கார்ந்தால் சிரிப்பு போய்விடும். வெளிநாட்டில் கதை சொல்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான் இது. விளக்கம் கேட்கிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டு மிச்சத்தைச் சொல்வோம். சொல்லிச் சொல்லி அந்த மிச்சம்தான் ஊர் என்று நாமே நம்பிவிடுவோம்.

நிலா அதைப் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். கொஞ்ச நாளில் அது சுற்றிச் சுற்றி எங்கள் ஊர் வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. அண்ணி போன் செய்தாள்.

"என்ன சரசு இப்புடி பண்ணிட்ட? டீக்கடையில ஒங்க அண்ணன 'நாற்காலி'ன்னு கூப்புடுறானுங்களாம். மனுஷன் கடைப்பக்கமே போறதில்ல."

"நான் என்ன இல்லாததயா சொன்னேன்? போன அவர்ட்ட குடுங்க."

"பேச மாட்டேங்குறாரு."

எனக்கும் ரோஷம் வந்தது. சிரித்தால் என்ன, தேய்ந்தா போய்விடுவான் என்று நானும் இருந்தேன். மாமா ஏன் கோபப்படுகிறார் என்று நிலாவுக்குப் பிடிபடவே இல்லை. "அம்மா, அதுல மாமாதானே ஹீரோ?" என்றாள். அதைக் கேட்டதும்தான் எனக்குச் சங்கடம் ஆரம்பித்தது. அவளுக்குத் தெரிந்த மாமா, நான் நடித்துக் காட்டிய மாமா மட்டும்தான்.

4

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் விழாக்குழு என்னைக் கூப்பிட்டது. இந்த வருஷம் நம்ம ஊர்ப் பொண்ணே வேலாயுதம் என்றார்கள். அண்ணனும் குழுவில் இருக்கிறான். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லையாம்.

திருச்சி விமான நிலையத்துக்குக் காரோடு வந்து நின்றான். முடி நரைத்திருந்தது. என் பெட்டியைத்தான் முதலில் தூக்கினான். ஆனால் பேச்செல்லாம் நிலாவோடு.

"பாப்பா, ஒங்கம்மாவுக்கு ஏசி ஒத்துக்குமா, ஜன்னலத் தெறக்கவான்னு கேளு."

நான் பின்சீட்டில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறேன். நிலா என்னிடம் திரும்பி அதை ஒழுங்காகக் கேட்டாள். "ஜன்னலே போதும்னு சொல்லு" என்றேன் நானும். தஞ்சாவூர் தாண்டுகிற வரைக்கும் அந்தப் பிள்ளை இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக்கொண்டு வந்தது, தமிழிலிருந்து தமிழுக்கு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது பொறுமை போய்விட்டது. "மாமா, அம்மா இங்கதான் இருக்காங்க. நீங்க ஏன் டைரக்டா பேச மாட்டீங்க?" என்றாள். அண்ணன் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டிலும் அதே கதைதான். எனக்குப் பிடித்த உளுந்து வடை தட்டில் இருக்கும்; யார் வாங்கி வந்தது என்று கேட்டால் அண்ணி வாயைப் பொத்திச் சிரிப்பாள். குளிக்க வெந்நீர் விளாவி வைத்திருக்கும். மனுஷன் மட்டும் நான் வந்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் செய்துவிட்டுப் பேசாமல் இருப்பவனை என்ன செய்வது?

ஒலிபெருக்கி அனுமதிக்காகக் காவல் நிலையத்துக்கும் அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். அங்கிருந்த அதிகாரிக்கு என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. வெளிநாட்டுப் பிரஜை கோயில் மேடையில் ஏறலாமா, அதற்குத் தனி அனுமதி வேண்டுமா என்று இரண்டு இடத்துக்குப் போன் போட்டார். கலைஞர் பெயர் சரஸ்வதி, வேஷம் ஆண் வேஷம், ஊர் அயர்லாந்து, பிறந்த ஊர் இதே ஊர். எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை வைத்துவிட்டு, "இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று அண்ணனைக் கேட்டார்.

"கூடப் பொறந்ததுங்க" என்றான்.

என்னிடம் சொல்லவில்லை என்றாலும் என் காதில் விழத்தான் சொன்னான் என்று நானே வைத்துக்கொண்டேன்.

5

விளக்கு வைத்ததும் மேடையேறினேன். நாடக சாமான் கடைப் பசை பொல்லாத பசை, மேலுதடு எரிந்தது. ஆனால் அப்படி ஒரு கூட்டத்தை நான் அயர்லாந்தில் கனவிலும் பார்த்ததில்லை. ராஜா பேசினால் ராஜாவுக்குப் பதில் சொல்கிறார்கள், கிளி பேசினால் கிளிக்குப் பதில் சொல்கிறார்கள். முன்வரிசைக் கிழவி ஒருத்தி, "மீசை கோணிருக்கு, சரி பண்ணுடி" என்று அதட்டினாள்.

பிராது ஆரம்பித்தது. நான் பிராது இட்டுக்கட்ட வேண்டிய வேலையே இல்லை.

"மேட்டூர்ல தண்ணி தெறந்தாச்சுன்னு வருஷா வருஷம் டிவில காட்டுறாங்க, எங்க கடைமடைக்கு மட்டும் வர மாட்டேங்குதுங்க" என்றார் ஒருவர்.

"டிவி வரைக்கும் வந்துடுச்சுல்ல? வயலத் தூக்கிட்டுவந்து டிவி முன்னாடி போடு" என்றேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். இப்படி நாலைந்து போனது. எனக்கும் தைரியம் வந்துவிட்டது.

அப்போது பந்தல்கால் ஓரத்திலிருந்து, "வேலாயுதம் ஐயா, எனக்கு ஒரு பிராதுங்க" என்று கேட்டது.

அண்ணன். கூட்டம் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. ஊரில் எல்லோருக்கும் விஷயம் தெரியும்.

"யார் மேல?" என்றேன். வேலாயுதத்தின் குரல் எனக்கு முழுசாக வரவில்லை.

"எந் தங்கச்சி மேலங்க. வெளிநாட்ல நர்ஸா இருக்கு."

பழகிய வித்தையில் இறங்கினேன். "தங்கச்சி மேல பிராது குடுக்கிறதுக்கு முன்னாடி, பொங்கச் சீரு ஒழுங்கா அனுப்பினீரா?"

"அனுப்பினேங்க. கரும்பு கூரியர்ல போவாதுன்னுட்டாங்க. அச்சு வெல்லம் அனுப்பினேன்."

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்த அந்த வருஷமும் அந்த வெல்லம் வந்தது நிஜம்தான். அண்ணி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துத் தின்றிருக்கிறேன்.

"நான் நாற்காலியோட சேத்துல போனத அது ஊரு உலகத்துக்கே சொல்லிருச்சுங்க. போனது நெசந்தான். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆனா அதே வரப்புல பெரிய பண்ணை நாற்காலி போட்டு உக்காருவாரு. பின்னால குடை புடிச்சுக்கிட்டு எங்கப்பா நிப்பாரு. நடவு முடியிற வரைக்கும் நிப்பாரு. சோறு கொண்டுபோனப்ப நானே பாத்திருக்கேன். நெலம் நம்ம கைக்கு வந்தா அந்த எடத்துல ஒரு நாளாவது உக்காந்துடணும்னு இருந்தேன். அதுக்குத்தாங்க உக்காந்தேன். எந் தங்கச்சிக்கு இது தெரியும். அத வுட்டுட்டு மிச்சத்த சொல்லிருக்கு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை.

"இன்னொண்ணுங்க. நான் முங்கிக்கிட்டு இருக்கேன், அப்பாவும் அதுவும் எதுத்தாப்புல நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒருத்தரும் வந்து கை குடுக்கல. அன்னிலேருந்து அது மனசுல கெடக்குது. அப்பாகிட்ட கேக்க வாய் வரல. அவரும் போயிட்டாரு. இதுக்கு என்னங்க தீர்ப்பு?"

அவன் முதலில் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அந்த இரண்டாவது பிராதுதான். அப்பா அன்று என்ன சொன்னார் என்பது அவனுக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அவர் சத்தம் போட்டுப் பேசுகிற ஆளில்லை. எதிர் வரப்பிலிருந்து வயலைத் தாண்டி, அத்தனை பெண்களின் சிரிப்பையும் தாண்டி, அது அவன் காதில் எப்படி விழுந்திருக்கும்? இவ்வளவு நாள் எனக்கு இது தோன்றவே இல்லை.

"பிராதுக்காரரே, ஒரு சாட்சி இருக்கு. ஒங்கப்பா பக்கத்துல நின்ன சாட்சி. அது சொல்றதக் கேட்டுட்டு அப்புறம் தீர்ப்பப் பாப்போம்" என்றேன்.

"சொல்லச் சொல்லுங்க."

"நாத்துப் பறிக்க வந்த வெளியூர் ஆளுங்க ரெண்டு பேரு ஒங்களத் தூக்க ஓடுனாங்க. ஒங்கப்பாதான் குறுக்க கைய நீட்டி மறிச்சாரு. 'யாரும் கிட்ட போவாதீங்க, எம் மவன் உக்காந்திருக்கான்'னாரு."

குடை பிடித்து நின்ற அப்பாவைப் பார்த்த வயசான ஜனங்கள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்கள். மீசையைச் சரிசெய்யச் சொன்ன கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அண்ணனுக்கு நம்ப முடியவில்லை. "இடுப்பு வரைக்கும் முங்கிட்டேங்க. அப்பவுமா?"

"அப்பவுந்தான். சாட்சி பதறிப்போயி, அண்ணன் உள்ள போவுதேன்னுச்சு. 'கழுத்துக்கு வந்தா சொல்லு, பாத்துக்கலாம்'னாரு."

கிழவிதான் முதலில் சிரித்தாள். பிறகு பந்தலே குலுங்கியது. அண்ணன் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். தோள் ஆடியது. அழுகிறானோ என்று பயந்தேன். துண்டை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணிலிருந்து வழிய வழியச் சிரித்தான். கூட்டம் கை தட்டியது, அடுத்த பிராதுக்காரர் எழுந்துவிட்டார். அண்ணன் மட்டும் உட்காரவில்லை. பந்தல்காலை விட்டுவிட்டு, உட்கார்ந்திருந்த ஜனங்களை விலக்கிக்கொண்டு மேடைக்குக் கீழே வந்து நின்று என்னை அண்ணாந்து பார்த்தான்.

"அப்பாவா அப்புடி சொன்னாரு, சரசு?"

"அப்பாதாண்ணே" என்றேன்.